மலைக்கு எந்தப் பழைய கார்: ஸ்விஃப்ட்டா, எர்டிகாவா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் செகண்ட் ஹேண்டில் குடும்பக் கார் தேடுகிறவர்களிடம் பேசினால், பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு வண்டிகளில்தான் வந்து நிற்கும். ஒன்று 2011 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட். இன்னொன்று 2012 ஏப்ரலில் வந்த முதல் தலைமுறை எர்டிகா. இரண்டுமே 2018 வரை ஓடிய மாடல்கள். "டிக்கி போதுமா, ஏழு பேர் உட்காரலாமா" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த மலையில் அந்த இரண்டு கேள்விக்கும் முன்னால் வேறொன்று இருக்கிறது. பெட்ரோலா டீசலா என்று தீர்மானிக்காமல் ஹேட்ச்பேக்கா (ஸ்விஃப்ட் போன்ற குட்டைக் கார்) எஸ்டேட்டா (எர்டிகா போலப் பின்பக்கம் நீண்ட கார்) என்று இங்கே முடிவெடுக்கவே முடியாது. பெட்ரோல் என்றால் ஸ்விஃப்ட் வாங்குங்கள். டீசல் என்றால் எர்டிகாவைத் தாராளமாகப் பார்க்கலாம். என் தீர்ப்பு இதுதான். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

எர்டிகாவை எஸ்டேட் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நீண்ட உடம்பும் பின்னால் பெரிய கதவும் கொண்ட அசல் எஸ்டேட் கார்கள் நம் நாட்டில் வந்தன, நிலைக்கவில்லை. 1992இல் டாடா எஸ்டேட், பிறகு மாருதியின் பலேனோ அல்டுரா, இண்டிகாவை நீட்டி வந்த இண்டிகோ மரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. அவை செய்ய வேண்டிய வேலையை இன்று நம் வீடுகளில் செய்வது எர்டிகா. ஸ்விஃப்ட்டின் அடித்தளத்தையே நீட்டிச் செய்த வண்டி அது. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான், 1,695 மில்லிமீட்டர். நீளம் மட்டும் ஸ்விஃப்ட் 3,850, எர்டிகா 4,265. டீசலில் இரண்டுக்கும் ஃபியட்டிடமிருந்து வந்த அதே 1.3 லிட்டர் இஞ்சின் குடும்பம். அண்ணன் தம்பி போன்ற வண்டிகள் என்பதால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இனி கணக்கு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. ஊட்டி 2,240. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பி ஓடுவது. காற்று குறைந்த அளவுக்கு அதன் சக்தியும் குறையும். டீசலில் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதி சரிக்கட்டப்படுகிறது.

பெட்ரோல் எர்டிகா 1.4 லிட்டர், 95 குதிரைத்திறன், வெறும் வண்டியின் எடை சுமார் 1,160 கிலோ. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்து ஏழு பேரை ஏற்றினால் 1,580 கிலோ. ஊட்டியில் அந்த 95 ஏறக்குறைய 76 ஆகிவிடும். அதாவது டன்னுக்கு 48 குதிரைத்திறன். பெட்ரோல் ஸ்விஃப்ட் 1.2 லிட்டர், ஆரம்ப மாடல்களில் 87 குதிரைத்திறன், எடை சுமார் 965 கிலோ. ஐந்து பேரோடு 1,265 கிலோ. ஊட்டியில் 87 என்பது 70 ஆகும், டன்னுக்கு 55. இந்த ஏழின் வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். முன்னால் ஒரு பஸ் நின்று, ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது அது பெரிய வித்தியாசம்.

டீசலுக்கு வாருங்கள். ஸ்விஃப்ட் டீசல் 75 குதிரைத்திறன், ஐந்து பேரோடு சுமார் 1,365 கிலோ, டன்னுக்கு 55. எர்டிகா டீசலுக்கு, இஞ்சின் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் மாறுபடும் வடிவ டர்போ இருப்பதால் 90 குதிரைத்திறன், ஏழு பேரோடு சுமார் 1,660 கிலோ, டன்னுக்கு 54. இரண்டும் சமம்! எர்டிகாவிலும் ஐந்தே பேர் என்றால் 58 வந்துவிடுகிறது, ஸ்விஃப்ட்டை முந்திவிடுகிறது. பெரிய வண்டி இழுக்காது என்று டீசல் எர்டிகாவைப் பற்றி யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பெட்ரோல் எர்டிகாவைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுங்கள்.

டீசலுக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. இந்த 1.3 இஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கினால் டர்போ தூங்கிவிடும். பர்லியார் வழியில் உள்ள பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் மெதுவாக நுழைந்தால், பாதி வளைவில் வண்டி சோர்ந்து போகும். அந்த இடத்தில் ஸ்விஃப்ட் எடை குறைவு என்பதால் எப்படியோ தேறிக்கொள்ளும். ஆள் நிறைந்த எர்டிகாவில் முதல் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு ஹாஃப் கிளட்ச் போட்டே ஏற்றுகிறவர்களின் வண்டியில் கிளட்ச் பிளேட் சீக்கிரமே தேய்ந்து போகும். மலையில் ஓடிய எர்டிகா விற்பனைக்கு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளட்சைத்தான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு முக்கியம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஏழு பேரோடு போகும் டீசல் எர்டிகா, ஐந்து பேரோடு போகும் டீசல் ஸ்விஃப்ட்டைவிட முந்நூறு கிலோ கூடுதல். அந்தக் கூடுதல் எடையின் வேகத்தையெல்லாம் இஞ்சினும் பிரேக்கும்தான் தின்ன வேண்டும். இரண்டு வண்டிக்கும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கியரைக் குறைத்து இஞ்சினை வைத்தே வண்டியைப் பிடிக்கத் தெரிந்தவர் கையில் இரண்டும் பத்திரமானவை. அந்தப் பழக்கம் இல்லாதவர், பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர், வீட்டில் ஒருவராவது ஓட்டப் போகிறார் என்றால் நான் எர்டிகா வேண்டாம் என்பேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசிகள். அங்கே பிரேக் சூடேறி பிடிக்காமல் போய் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடவசதியில் ஏழு சீட் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் எர்டிகாவின் டிக்கி வெறும் 135 லிட்டர். ஸ்விஃப்ட்டின் டிக்கியே 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏழு பேரும் ஏறிக்கொண்டால் பெட்டி வைக்க இடம் ஸ்விஃப்ட்டைவிடக் குறைவு! கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வளைவுக்கு வளைவு அங்கேதான் ஆட்டம் அதிகம். குழந்தைகளைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள், எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கையோடு எடுத்துக்கொள்ளட்டும். மலைப் பாதையில் முதலில் வாந்தி எடுப்பது அந்தச் சீட்டில் இருக்கும் பிள்ளைதான்.

ஆனால் கடைசி வரிசையை மடக்கிப் போட்டுவிட்டால் எர்டிகா வேறு வண்டி. இங்கேதான் எஸ்டேட்டின் அருமை தெரியும். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிற வீடு, கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற வீடு, இவர்களுக்கு உரமூட்டை, நாற்றுத் தட்டு, மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் எல்லாம் காரில்தான் போகும். ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் இரண்டு மூட்டைக்கு இடம் இருப்பது ஸ்விஃப்ட்டில் நடக்காத காரியம். முழங்கால் வலி உள்ள பாட்டியை மாதாமாதம் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வீட்டுக்கும் எர்டிகாவின் நடு வரிசை பெரிய உதவி. சீட் உயரம் சரியாக இருக்கிறது, குனிந்து உள்ளே நுழைய வேண்டாம், சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டவும் முடியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒன்றுக்காகவே நான் மற்ற பலவற்றை விட்டுக்கொடுப்பேன்.

வழியின் அகலத்துக்கும் வண்டியின் நீளத்துக்கும் வருவோம். கொண்டை ஊசியில் இரண்டும் ஒரே வீச்சில் திரும்பிவிடும். திரும்பும் ஆரம் ஸ்விஃப்ட்டுக்கு 4.8 மீட்டர், எர்டிகாவுக்கு 5.2. தொல்லை வருவது ஹட்டிகளுக்குள் (படுகர் ஊர்களுக்குள்) போகும் சந்துகளிலும் தோட்டத்துக் கப்பிச் சாலைகளிலும்தான். எதிரே ஜீப் வந்தால் மேலே ஏறுகிறவருக்குத்தான் வழி. நீங்கள் இறங்குகிறவர் என்றால் பின்னாலேயே ஏறிப்போய் ஒதுங்க வேண்டும். அப்போது அந்த நாற்பது சென்டிமீட்டர் கூடுதல் நீளம் தெரியும். ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் படியேறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் அதே தொல்லை. குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் குடியிருந்தால், நிறுத்தும் இடத்தை அளந்துவிட்டு வண்டி பாருங்கள்.

தரையிலிருந்து உயரம் ஸ்விஃப்ட் 170 மில்லிமீட்டர், எர்டிகா 185 என்று விற்பவர் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. எர்டிகாவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,740 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 2,430. சாலையிலிருந்து செங்குத்தாக வீட்டு வாசலுக்கு ஏறும் சிமெண்ட் சாய்தளத்தின் மேட்டில் வயிறு தட்டுவது சக்கர இடைவெளியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஸ்விஃப்ட் துளி மேல். ஆள் நிறைந்த எர்டிகா இன்னும் தாழ்ந்து உட்காரும்.

மைலேஜ், உதிரிபாகம், மெக்கானிக் பற்றி நீட்ட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது, சாமான் கிடைக்கிறது. ஏசியை மட்டும் சரிபாருங்கள். "மலைக்கு எதுக்குங்க ஏசி" என்பார் புரோக்கர். ஐப்பசி மழையில் கண்ணாடி உள்ளே பனி பிடித்து வெள்ளையாகும்போது அதைத் துடைப்பது ஏசிதான். பின் கண்ணாடிக்கு வைப்பர் உள்ள மேல் வேரியன்ட் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். டிக்கிக் கதவு நேராக இறங்கும் இந்த வகை வண்டிகளில் சேறு முழுக்கப் பின் கண்ணாடியில்தான் அப்பும்.

எர்டிகா என்றால் டாக்சியாக ஓடியதா என்று கட்டாயம் பாருங்கள். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய. ஆர்சியின் பழைய வரலாற்றில் அது தெரிந்துவிடும். சிஎன்ஜி எர்டிகாவை மலைக்கு நான் சொல்லமாட்டேன். இழுவையும் குறையும், டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். 2015க்குப் பிந்தைய டீசல் எர்டிகாவில் எஸ்எச்விஎஸ் என்ற சின்ன ஹைப்ரிட் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு வரும் பேட்டரி சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல். எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழும் காலையில் முதலில் கைவிடுவது பழைய பேட்டரி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். எந்த வண்டி வாங்கினாலும் வந்த வாரமே அதை மாற்றுங்கள்.

காகிதத்தில், 2012 வண்டியின் ஆர்சி 2027இல் பதினைந்து வருடத்தை முடிக்கிறது. அதன்பின் எஃப்சி எடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். கோவை எண் வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கும்போதே முகவரியையும் மாற்றி, உள்ளூர்க்காரர் என்பதற்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியிருக்காது.

வண்டியைக் கோவையின் சமதளமான அவினாசி ரோட்டில் ஓட்டிக்காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் வழக்கமாகப் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு கல்லாரிலிருந்து பர்லியார் வரை ஏறுங்கள். வளைவு ஒன்றுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தி, கைப்பிரேக் போட்டு எடுங்கள். கிளட்ச் வாடை வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். திரும்பி இறங்கி வந்து கல்லாரில் நிறுத்தியதும் முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்திருந்தாலோ, அந்த வண்டி ஸ்விஃப்ட்டானாலும் எர்டிகாவானாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.