ரப்பரா, அண்டி ஆபீஸா?

குலசேகரத்தில் பஸ் ஏறிக் கருங்கலில் இறங்கினால் குமரி மாவட்டத்தின் இரண்டு பெரிய தொழில்களையும் மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். ஏறுகிற இடத்தில் ரப்பர் ஒட்டுப்பால் வாடை, இறங்குகிற இடத்தில் அண்டி வறுக்கிற புகை. எங்கள் பக்கம் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். காலையில் பெண்கள் "ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்வதைக் கேட்டு, இவ்வளவு பேருக்கு அரசு வேலையா என்று திகைத்த வெளியூர்க்காரர்கள் உண்டு.

இந்த இரண்டில் மாவட்டத்துக்கு எது அதிகம் உதவுகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் ரப்பர் என்பார்கள். நான் அண்டி ஆபீஸ் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

ரப்பருக்கு மண்ணும் நம்முடையது, மழையும் நம்முடையது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பெய்கிற இடம் என்பதால் தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. நட்டு ஏழு வருடம் பொறுத்தால், அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டலாம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர் தோட்டத்துக்குள் போவார். வெயில் ஏறுமுன் சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மறுநாள் மெஷினில் கொடுத்து ஷீட் அடித்து, புகையில் உலர்த்திக் கடையில் போட்டுவிட்டால் சரி, நம் வேலை முடிந்தது. அந்த ஷீட் டயராவது வேறு எங்கோ. இத்தனை மரம் இருந்தும் ஒரு டயர் ஆலை இங்கே இல்லை. ரப்பர் பூங்கா என்ற பேச்சு மட்டும் பல வருடமாகக் காதில் விழுகிறது.

விலையும் நம் கையில் இல்லை. 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போனது, 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே விழுந்தது, 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. நூறுக்குக் கீழே இருந்தபோது வெட்டுக்கூலி கொடுத்துக் கட்டாது என்று எத்தனையோ தோட்டங்களில் மரத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

அண்டியின் கதை தலைகீழ். ஆலை இருக்கிறது, அதற்குப் போதுமான மரம் இல்லை. கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு கிலோ பருப்பு எடுக்க நாலு கிலோவுக்கு மேல் கொட்டை வேண்டும். வறுக்க, உடைக்க, தோல் உரிக்க, தரம் பிரிக்க என்று ஒவ்வொரு படியிலும் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தரம் பிரிக்கிறவர். ஒரு பவுண்டுக்கு 180 பருப்பு நிற்பது பெரிய சைஸ், 320 நிற்பது சாதாரண சைஸ். அவர் எண்ணவே மாட்டார், கண்ணாலேயே ஒதுக்கிவிடுவார். உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து வெந்திருக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். எத்தனை கிலோவோ அத்தனை கூலி.

ஆக, கொட்டை யாருடையதாக இருந்தாலும் அதன் மேல் ஏறுகிற கூலி இங்கேயே, அதுவும் பெண்கள் கையில் தங்குகிறது. சொந்த நிலம் இல்லாத வீட்டுக்கு ரப்பர் தருவது வெட்டு வேலை ஒன்றைத்தான். ஆனால் வியட்நாமில் மெஷின் உடைத்துத் தள்ளும் வேகத்துக்கு நம் ஆபீஸ்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கொட்டை விலை ஏறினால் முதலில் பூட்டுவதும் இவைதான்.

மாவட்டத்தின் மற்றத் தொழில்களையும் இதே தராசில் வைத்தால் அவை ரப்பர் பக்கமே சாயும்: பொருள் நம்முடையது, வேலை வெளியே. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பெர்க் கண்டுபிடித்தார், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து! பிற்பாடு 1952 முதல் அதைப் பிரிக்கும் வேலை கேரளத்து ஆலுவாயில் நடந்தது. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள், ஆனால் அவர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பங்கு கொச்சியில்தான் கரையேறுகிறது. தோவாளைப் பூச்சந்தை மட்டும் விதிவிலக்கு. திண்டுக்கல், மதுரைப் பூவும் இங்கே வந்துதான் ஓணத்துக்குக் கேரளம் போகிறது.

நிலம் இருந்தால் ரப்பர் வையுங்கள், தப்பில்லை. விலை இல்லாத காலத்தில் ஷீட்டை மச்சில் அடுக்கிவைத்து, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் நாளில் விற்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஆனால் ஆனி, ஆடி மழையில் வெட்டு நின்றுபோகும்போது, அதே வீடுகள் பலவற்றில் பலசரக்குக் கடைப் பற்றை அடைப்பது அண்டி ஆபீசிலிருந்து வரும் சனிக்கிழமைச் சம்பளம்தான்.