எட்டு வருடமாக இணையக் கலைக்களஞ்சியத்தில் மார்மன் வரலாறு படிக்கிறேன்

மார்மன்கள் என்ற அமெரிக்கச் சபையாரின் ஆரம்பகால வரலாறு எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற ஒரு இலவச இணையக் கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பதிப்பில் படித்ததுதான். எட்டு வருடம் ஆகிறது. நான் அந்தச் சபையில் இருப்பவனும் இல்லை, அதிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்தவனும் இல்லை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விவசாயி மகன் தொடங்கிய சபை, பதினாலே வருடத்தில் ஒரு நகரத்தையே நடத்தும் அளவுக்கு வளர்ந்து, அந்த ஆளையே சிறைக்குள் வைத்துச் சுட்டுக் கொல்லும் அளவுக்குப் பகை சம்பாதித்தது எப்படி என்ற ஆர்வம், அவ்வளவுதான். தேதி, ஊர், பெயர் விஷயத்தில் நான் ஒப்பிட்டுப் பார்த்தவரை பெரிய தப்பு கண்ணில் படவில்லை. சாய்வு இருப்பது வேறு இடத்தில்.

முதலில் வினைச்சொல். 1820-ல் ஒரு தோப்பில், பின்னால் சபையைத் தொடங்கிய அந்த ஜோசப் ஸ்மித் தரிசனம் ‘கண்டார்’, ‘கண்டதாகச் சொன்னார்’, ‘கண்டதாகக் கூறிக்கொண்டார்’. இந்த மூன்றையும் எழுதியது மூன்று வேறு ஆட்கள் என்று தமிழ் படிப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்திலும் ‘செட்’டுக்கும் (said) ‘கிளெய்ம்டு’க்கும் (claimed) நடுவில் அதே தூரம். ஒருமுறை ‘கிளெய்ம்டு’ இருந்த இடத்தில் ‘செட்’ போட்டேன். ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிட்டு, நீங்கள் சபை ஆளா என்று ஒருவர் கேட்டார். சில மாதம் கழித்து இன்னொரு கட்டுரையில், கல்லைப் பார்த்துப் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்கிறார் (நம்மூரில் மை போட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி) என்ற புகாரில் ஸ்மித் 1826-ல் நீதிபதி முன் நிறுத்தப்பட்டதைச் சேர்த்தேன். அதுவும் போயிற்று, இந்தத் தடவை நான் சபையின் எதிரி! அதோடு தொகுப்பதை விட்டுவிட்டேன். தொகுப்பவர்கள் வாதாடும் உரையாடல் பக்கத்தையும், யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் திருத்த வரலாற்றையும் படிப்பது மட்டும் தொடர்கிறது, கட்டுரையைவிட அவை சுவாரசியம் என்பது வேறு விஷயம்.

அப்புறம், கதையை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறார்கள் என்பது. 1838 அக்டோபர் 27-ல் மிசோரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேரைக் கொன்றார்கள், அதில் பத்து வயதுப் பையனும் உண்டு. இங்கே ஆரம்பித்தால் இது ஒரு சிறுபான்மை வேட்டையாடப்பட்ட கதை. இரண்டு நாள் முன்னால், க்ரூக்கட் ரிவரில் மார்மன் ஆட்கள் மாநிலப் படைப்பிரிவைத் தாக்கியதிலிருந்தோ, அந்த ஜூலை 4-ல் சபைத் தலைவர்களில் ஒருவரான சிட்னி ரிக்டன் ‘அழித்தொழிக்கும் போர்’ என்றே மேடையில் முழங்கியதிலிருந்தோ ஆரம்பித்தால் அதே செய்திகள் வேறு கதையாகிவிடுகின்றன. 1844-ம் அப்படித்தான். ஸ்மித்தை அடைத்து வைத்திருந்த கார்தேஜ் சிறைக்குள் கும்பல் நுழைந்ததில் தொடங்கினால் ஸ்மித் தியாகி. மார்மன்களின் நகரமான நாவூவில் மேயராக இருந்தபோது, தன்னை விமர்சித்து ஒரே ஒரு இதழ் போட்ட பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை உடைக்கச் செய்ததில் தொடங்கினால் ஆள் வேறு. எல்லாத் தேதியும் கட்டுரையில் எங்கேயோ இருக்கும், முன்னுரையில் எது ஏறுகிறது என்பதற்குத்தான் சண்டை.

அடிக்குறிப்பில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஸ்மித் குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் மோசமாகச் சொன்னதற்கு மூன்று நூல்கள் சான்றாக இருந்தன. மூன்று பேர் தனித்தனியாகச் சொல்கிறார்கள், போதுமே என்று பல மாதம் நினைத்திருந்தேன். நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவை: 1833-ல் டாக்டர் ஹர்ல்பட் திரட்டிய வாக்குமூலங்கள். (டாக்டர் என்பது பட்டம் இல்லை, பெற்றோர் வைத்த பெயரே அதுதான்.) அதே வருடம் சபை அவரை விலக்கியிருந்தது. அதனால் அந்த வாக்குமூலங்கள் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் யார் போய், எந்த மனநிலையில் கேட்டு வாங்கியது என்பது கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

சபைத் தரப்பு மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. ஸ்மித்தின் பலதாரத் திருமணங்களைப் பற்றி உறுப்பினர்களிடம் பல காலம் அடக்கியே வாசித்துவிட்டு, 2014-ல்தான் தன் இணையதளத்தில் 30 முதல் 40 மனைவிகள் இருக்கலாம் என்று சபை விரிவாக எழுதியது. ‘மார்மன் தரப்பு’ என்று ஒன்றே இருப்பதுபோல எழுதுவதும் தப்பு. ஸ்மித்தின் மகன் தலைமையில் 1860-ல் உருவான இன்னொரு சபை, ஸ்மித் பலதாரமணம் செய்யவே இல்லை என்று நெடுங்காலம் மறுத்துவந்தது.

இப்போதெல்லாம் கட்டுரையில் பெயரையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, சபையின் ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் மூல ஆவணங்களுக்குப் போய்விடுகிறேன். 1832-ல் ஸ்மித்தே கைப்பட எழுதிய தரிசன விவரம் அங்கே இருக்கிறது, நிறுத்தற்குறி கிடையாது, எழுத்துப்பிழை ஏகத்துக்கு. ஆறு வருடம் கழித்து அவர் சொல்லி எழுதவைத்த விவரத்தில் பிதா, குமாரன் என்று இருவர் தோன்றுகிறார்கள், 1832 விவரத்திலோ ‘ஆண்டவரைக் கண்டேன்’ என்று மட்டும். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.