காலையில் கிளம்பாத வண்டி: பழைய டூ ஸ்ட்ரோக் குவாட் பைக்குடன் நான்கு ஆண்டுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே காலுக்கு, சோக்கை இழுத்துவிட்டு இரண்டாவது முறை கயிற்றைச் சுண்டியதும் என் குவாட் பைக், அதாவது பைக்போல் ஹேண்டில் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி, கிளம்பிவிட்டது. நான்கு ஆண்டுகளில், குளிர்ந்த இன்ஜின் என் கைக்கு இப்படி மசிந்தது அன்றுதான். அதற்கு முன்பெல்லாம் முப்பது இழுப்பு, நாற்பது இழுப்பு. தோள்பட்டை விண்ணென்று வலிக்கும். வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

தாராபுரத்து நண்பர் ஒருவர், இதே மாதிரி பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருக்குச் சொல்ல உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது.

என்னுடையது 250 சிசி, பெல்ட் கியர், முன்னும் பின்னும் சுமை வைக்க இரும்புத் தட்டு. ஆழியாறு பக்கம் மூடப்பட்ட ஒரு சுற்றுலா விடுதியிலிருந்து 2021-இல் 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஸெல்ஃப் மோட்டார் அப்போதே போயிருந்தது, கயிறுதான். பதிவு இல்லாத வண்டி என்பதால் தார்ச்சாலைக்குக் கொண்டுபோவதில்லை. என் தென்னந்தோப்போடு சரி.

தோப்புக்குள் இதற்கு ஈடு கிடையாது. இதை மனதாரச் சொல்கிறேன். விழுந்து கிடக்கும் மட்டையும் ஓலையும் மொபெட்டின் சக்கரத்தை வாரிவிடும். டிராக்டர் உள்ளே போனால் சொட்டுநீர்க் குழாய் நசுங்கும். இந்த வண்டி பாத்தி வரப்பில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். சின்ன டிரெய்லரில் நூறு காய் போட்டு இழுக்கிறேன். வெள்ளை ஈ வந்த பிறகு, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளை மரத்துக்கு மரம் கட்டியதும், தண்ணீர் டிரம்மோடு தெளிப்பானை ஏற்றிக்கொண்டு ஓலையின் அடிப்பக்கம் பீய்ச்சியதும் இதில்தான். நாலு ஆள் வேலையை இரண்டு ஆள் முடித்தோம். வால்வு, கேம் என்று எதுவும் இல்லாத இன்ஜின்; திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெட்ரோலில் லிட்டருக்கு 30 மில்லி டூ டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயில், கலந்து ஊற்றுகிறேன். கிளம்பிவிட்டால் மாலைவரை ஒரு குறை சொல்ல முடியாது.

கிளம்பிவிட்டால்.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டமான பி.ஏ.பி. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கு என் எரிச்சல் புரியும். நம் நேரம் வந்தால் வந்ததுதான். தவறவிட்ட தண்ணீரை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்கழியில், விடிகாலை நான்கு மணிக்கு மடை திறக்க வேண்டிய நாளில், இந்த வண்டி ஒரு மூச்சுகூட விடவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். முக்கால் மணி நேரத் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு முழுக்க அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை.

இனி நோயின் கதை. குளிர்ந்த இன்ஜினில் பதினைந்து முறை கயிறு இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். அதே பிளக்கை ஹெட்டில் ஒட்டிவைத்து இழுத்தால் பொறி நீலமாக அடிக்கும். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விட்டு இழுத்தால் மூன்று விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். பொறி இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பெட்ரோல் மட்டும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரில்தான் கோளாறு. மூன்று ஊர், நான்கு மெக்கானிக், ஒரே பதில்.

நியாயமாகப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த பிளக்கைப் பார்த்தால் நானும் கார்புரேட்டரைத்தான் கழற்றியிருப்பேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், ஒரு மாதம் நின்ற வண்டியின் ஸ்லோ ஜெட்டில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளையில், பிசின் படிவதும் உண்மை. பக்கத்தில் கயிறு மில் இருப்பதால் தென்னை மஞ்சித் தூள் ஏர் ஃபில்டரை அடைப்பதும் உண்மை. இதையெல்லாம் சுத்தம் செய்த பிறகும் வண்டி கிளம்பவில்லையே, அப்போதாவது வேறு இடத்தில் தேடியிருக்க வேண்டாமா? ஒருவர் ஸ்லோ ஜெட்டில் செம்புக் கம்பியை விட்டுக் குடைந்து அதன் துளையையே பெரிதாக்கினார். இன்னொருவர் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டியை மாற்றச் சொல்லி 4,500 ரூபாய் வைத்தார். மூன்றாவது நபர் மேக்னட் என்னும் காந்தச் சக்கரத்தைக் கழற்ற, அதை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்த வடு இன்றும் அதில் இருக்கிறது. மொத்தம் 19,000 ரூபாய்க்கு மேல் போயிற்று.

நான் ஒவ்வொருவரிடமும் இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். கிளம்பிய பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் உடனே இறங்காது, தானாக ஓங்கிக் கத்திவிட்டு மெதுவாகத்தான் அடங்கும். மாலையில் பிளக்கைக் கழற்றினால் முனை காப்பிப் பொடி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருக்கும். இரண்டையும் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

காதில் வாங்கியவர் ஆனைமலையில் இருக்கும் ஒரு பெரியவர். 1980-இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து மொபெட் பார்த்தவர். இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “கார்புரேட்டரில் ஒன்றும் இல்லை, கண்ணு. கிராங்க் கேஸ் எங்கேயோ காற்றுத் திருடுகிறது” என்றார். கிராங்க் சுழலும் இன்ஜினின் அடிப்பெட்டியைச் சொன்னார்.

அவர் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயில் சைக்கிள் டியூப் துண்டை வைத்துத் தகடு போட்டு முடுக்கினார். கார்புரேட்டர் உட்காரும் ரப்பரில் ஒரு மரக்கட்டையைச் செருகி, கட்டையின் நடுத்துளையில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்து. முள் 300-ஐத் தொடும்வரை அழுத்தினார். அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. நல்ல இன்ஜினில் முள் அப்படியே நிற்க வேண்டும். என்னுடையதில் பத்து எண்ணுவதற்குள் கீழே விழுந்துவிட்டது. பிறகு மேக்னட்டைப் புல்லர் போட்டு எடுத்துவிட்டு, கிராங்க் தண்டின் முனையைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அழுத்தினார். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தோம். அந்தத் தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் கீழ் ஓரத்தில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. முதலில் கடுகளவு குமிழிகள், பிறகு ஒரு பெரிய குமிழி.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலந்த காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் போகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது உறிஞ்சும், கீழே இறங்கும்போது அதை மேலே தள்ளும். சீல் பழுதானால் கார்புரேட்டர் வழியாக உறிஞ்ச வேண்டியதைச் சந்து வழியாக வெறும் காற்றாக உறிஞ்சிக்கொள்ளும். கயிறு இழுக்கும் வேகத்தில் அந்தச் சந்தே பெரிய வாசல். அதனால்தான் பிளக் காலையில் காய்ந்தும் மாலையில் வெளுத்தும் இருந்தது, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் ஓங்கிக் கத்தியது. இன்ஜின் சூடானால் பெட்ரோல் எளிதில் ஆவியாகிவிடுவதால் குறை மறைந்துகொள்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இந்த சீல் போனால் ஆயில் கசியும், அவ்வளவுதான். இன்றைய இளம் மெக்கானிக்குகள் கைபழகியது ஃபோர் ஸ்ட்ரோக்கில். அதனால் அவர்கள் கண் அங்கே போவதே இல்லை.

பழைய சீலை என் உள்ளங்கையில் வைத்தார். மெத்தென்று இருக்க வேண்டிய அதன் உதடு கொட்டாங்குச்சிபோல் இறுகி, ஓரிடத்தில் பிளந்திருந்தது. உள்ளே சுற்றியிருக்கும் நுண்ணிய ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்திருந்தது. கிராங்கில் சீல் உரசிய இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு கோடு தட்டுப்பட்டது. சீலின் முதுகில் இருந்த அளவைக் குறித்துக்கொண்டு கோவைக்குப் போனேன். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் எந்த அளவு சீலுக்கும் பஞ்சமில்லை. எத்தனால் தாங்கும் வைட்டன் ரப்பரிலேயே, பெல்ட் பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு, 420 ரூபாய்க்குக் கிடைத்தன. ஸ்பிரிங் தெரியும் பக்கம் கேஸின் உட்புறம் பார்க்க, பழைய கோட்டின் மேல் உதடு படாதபடி ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் பெரியவர் பதித்தார். கேஸைப் பிளக்கவே வேண்டியிருக்கவில்லை.

என்னை உலுக்கியது அதன் பிறகு அவர் காட்டியதுதான். சைலன்சர் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் மெல்லிய செங்குத்துக் கீறல்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். அதன் தொடக்கம் அது. இன்னும் ஒரு கோடை ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும் என்றார். காலையில் கிளம்பாமல் என்னை நோகடித்த குறையே, பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நான் மகிழ்ந்த நேரத்தில் உள்ளே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தோப்பு வேலைக்கு இதைவிட நல்ல வண்டியை நான் பார்த்ததில்லை. என்னுடையதை நான் விற்கப்போவதும் இல்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். எனக்கு ஆனைமலையில் அந்தப் பெரியவர் இருக்கிறார். உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்?

அதையும் மீறிப் பார்க்கப் போவதென்றால், விற்பவர் சொல்லும் பகல் நேரத்துக்குப் போக வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போய், சிலிண்டர் மேல் கையை வைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது சூடு இருந்தால், உங்களுக்காக யாரோ ஏற்கெனவே கயிறு இழுத்திருக்கிறார்கள். அப்படியே திரும்பிவிடுங்கள்.