ஷ்வெரீன் நகர்நடை: அரண்மனையைக் குறைத்துப் பேராலயத்தைக் கூட்டியிருக்கலாம்

ஹம்பேர்க்கில் இருக்கும் மகள் ஒரு நாள் ஷ்வெரீனுக்குக் கூட்டிப்போனாள். ஜேர்மனியின் மாநிலத் தலைநகரங்களில் ஆகச் சிறியது. ஒரு இலட்சம் பேர்கூட இல்லை. அங்கே வழிகாட்டியோடு நடக்கும் ஒரு சுற்றுக்குப் பணம் கட்டினோம். திருகோணமலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

பாதி நேரம் ஏரிக்குள் இருக்கும் அரண்மனையிலேயே போய்விட்டது. அழகுதான், 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் இன்று நாம் பார்க்கும் உருவம் 1857இல் முடிந்தது. பழைய கதை அந்தத் தீவு மண்ணில் இருக்கிறது. ஸ்லாவிய மக்களான ஒபோத்ரித்துகளின் கோட்டை அங்கேதான் நின்றது. 1160இல் சாக்சனி டியூக் ஹென்றி படையோடு வந்தபோது, எதிரியின் கையில் விழக்கூடாது என்று அவர்களின் தலைவன் நிக்லோட்டே அதற்குத் தீ வைத்தான். ஹென்றி அங்கேயே தன் கோட்டையைக் கட்டி, பக்கத்தில் நகரத்தையும் நிறுவினான். மகள் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் ஊர்ப் பிரட்ரிக் கோட்டைதான் கண்ணுக்குள் வந்தது. இடித்த கோணேசர் கோயிலின் கல் இது என்று அப்பா அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டுவார். வழிகாட்டி நிக்லோட்டை இரண்டு வரியில் முடித்தது எனக்குப் பெரிய மனக்குறை.

பேராலயத்துக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அது போதவே போதாது. கருங்கல் கிடைக்காத சமவெளி என்பதால் முழுக்கச் செங்கல்லைச் சுட்டு எழுப்பியிருக்கிறார்கள். 1270 அளவில் தொடங்கிய வேலை 1416 வரை போயிருக்கிறது. 1222இல் ஷ்வெரீன் பிரபு ஒருவர் புனித பூமியிலிருந்து கிறிஸ்துவின் இரத்தத்துளி என்று ஒன்றைக் கொண்டுவந்தாராம். அதைக் கும்பிட வந்த யாத்திரிகர் கூட்டத்தால்தான் இவ்வளவு பெரிய கோயில் தேவைப்பட்டது. சுற்று முடிந்ததும் நாங்கள் திரும்பவும் உள்ளே போனோம். பித்தளைத் தகட்டில் செதுக்கிய நான்கு ஆயர்களின் கல்லறைப் பலகைகள், 14ஆம் நூற்றாண்டு வேலை. உடுப்பின் மடிப்பு, சுற்றியிருக்கும் சின்னச் சின்ன உருவங்கள் எல்லாம் அத்தனை தெளிவு. கிட்டப்போய்க் குனிந்து பாருங்கள்.

கோபுரம் 1893இல் முடிந்தது. 220 படி, ஒடுங்கிய வழி. "அம்மா, மெதுவா" என்று மகள் பின்னால் வந்தாள். மேலிருந்து பார்த்தால் நாலாபுறமும் ஏரி.

விளக்கம் முழுக்க ஜேர்மன் மொழியில்தான், அதனால் மொழி தெரிந்த பிள்ளையோடு போங்கள். சுற்றுக்கு ஐந்தில் மூன்று தருவேன். பேராலயத்துக்கு ஐந்தும்.