கும்பகோணம் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு டிபன் கடை: கடப்பாவுக்காகவே போகலாம்

டொரண்டோல இருக்கவனுக்கு இட்லி தோசைலாம் பெரிய விஷயமே இல்லங்க, ஸ்கார்பரோ பக்கம் போனா நம்ம தமிழ்க்கடை ஏகப்பட்டது இருக்கு, ஆனா இட்லி தோசைக்கு ஊத்திக்கற நம்ம கும்பகோணம் குருமா மாதிரியான கடப்பா மட்டும் அங்க என் கண்ணுல பட்டதே இல்ல. அதான் லீவுக்கு வந்ததும் மொத வேலையா இங்க போனேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வெந்து, தேங்கா சோம்பு பச்சமொளகா அரைச்சு ஊத்தி, பட்டை கிராம்பு வாசத்தோட இலைல இட்லிய சுத்தி ஓடுது, கடைசியா புழிஞ்ச எலுமிச்சை லேசா நாக்குல தட்டுது. சூப்பர்!

சாப்பாட்ட விட நான் ஏங்குனது வேறங்க. இலை காலியாகறதுக்குள்ள அண்ணன் வாளியோட வந்து "இன்னும் ரெண்டு வைக்கவா தம்பி"ன்னு கேட்டு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வச்சிட்டு போயிட்டாரு. அங்க ஒரு கப் சட்னி கூட கேட்டாலே பில்லுல ஏறிடும். எதிர்ல உக்காந்த பெரியவர் எந்த ஊரு, என்ன சம்பளம், கல்யாணம் ஆச்சான்னு காபி வர்றதுக்குள்ள ஜாதகத்தையே வாங்கிட்டாரு (முன்னாடிலாம் இதுக்கு கடுப்பாவேன்).

காபி டிகாஷன் திக்கு, பித்தளை டபரா, ஆனா சக்கரை அள்ளிப் போடறாங்க, கம்மியான்னு முன்னாடியே சொல்லிடுங்க. கை கழுவற இடம் சுமார்தான். கார் நிறுத்த வழியே இல்ல, டூவீலர்ல போங்க. காலைல எட்டரைக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல கடப்பா காலி, வெறும் சாம்பார்தான்.