ஓடுற பையனுக்கு ஷூ: மூணு வருஷமா வாங்கி வாங்கி தெரிஞ்சுக்கிட்டது

பையன் ஆறாவது படிக்கும்போது அத்லெட்டிக்ஸ்ல சேந்தான், இப்ப ஒன்பதாவது, 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுறான். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துல தான் பிராக்டிஸ். இந்த மூணு வருஷத்துல விலை கம்மியானது, விலை கூடுனது, அடில ஆணி வச்ச ஸ்பைக்ஸ் ஷூன்னு எல்லாமே வீட்டுக்கு வந்துருச்சு. பிராண்ட் பேரு எதுவும் போடல, ஏன்னா ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் பிட்டிங் மாறுது, என் பையன் காலுக்கு சரியா இருக்கறது உங்க பொண்ணு காலுக்கு கடிக்கலாம்.

நான் அடிச்சு சொல்ற விஷயம் ஒண்ணுதான், வளர்ற புள்ளைக்கு ஷூ வாங்கும்போது முதல்ல ஷூவோட குதிகால் பக்கத்த பாருங்க, மெத்துமெத்துன்னு இருக்கறத அப்புறம் பாக்கலாம்.

ஏன் சொல்றேன்னா ஏழாவது படிக்கறப்ப இவனுக்கு குதிகால் வலி வந்துச்சு, காலைல எந்திரிச்சு நடக்கறப்ப நொண்டுவான், கொஞ்ச நேரத்துல சரியாகும், ஓடி முடிச்சதும் திரும்ப வரும். பிசியோ மேடம் குதிகாலோட ரெண்டு பக்கத்தையும் விரலால அமுக்கி பாத்தாங்க, துள்ளிட்டான். செவர்ஸ்னு சொன்னாங்க, 8லேருந்து 14 வயசுக்குள்ள ஓடுற குதிக்கிற புள்ளைங்களுக்கு சகஜமா வர்றதாம். குதிகால் எலும்போட பின்பக்கம் அந்த வயசுல இன்னும் முழுசா எலும்பா மாறியிருக்காது, புள்ள சட்டுனு உயரம் போடும்போது கெண்டைக்கால் சதை அதே வேகத்துக்கு நீளாம அந்த இடத்த போட்டு இழுக்குது, அதுக்கு மேல டிராக்ல தொம்மு தொம்முன்னு அடியும் விழுந்தா புண்ணாகிடுது. ஓட்டத்த குறைச்சு, கெண்டைக்கால் ஸ்ட்ரெச் பண்ணி, ஷூவையும் மாத்தினோம். வலி போச்சு, ஆனா ஒரே நாள்ல இல்ல, சில மாசம் ஆச்சு. ஷூ மட்டுமே சரி பண்ணுச்சுன்னு சொன்னா அது பொய்.

அதுக்கப்புறம் நாங்க கடைல பாக்கறது இதுதான். சாயங்காலமா தான் போவோம், அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடுறப்பவும் அப்படித்தான் இருக்கும். பிராக்டிஸ்க்கு போடுற அதே சாக்ஸ் போட்டுக்கணும். ஷூக்குள்ள கால் படுற இன்சோல, அந்த உள் மெத்தைய, வெளிய எடுத்து தரையில போட்டு புள்ளைய அதுமேல நிக்க வச்சா போதும், விரல் எங்க முடியுது, பக்கத்துல சதை பிதுங்குதான்னு பளிச்சுனு தெரிஞ்சிரும். நீளமான விரலுக்கு முன்னாடி கை பெருவிரல் ஒண்ணு அகலம், ஒரு சென்டிமீட்டர் பக்கம், இடம் இருக்கணும். நிறைய பேருக்கு ரெண்டாவது விரல்தான் நீளம், அதையும் கவனிங்க, ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது, பெரிய காலுக்குத்தான் வாங்கணும். அப்புறம் ஷூவோட பின்பக்கத்த ரெண்டு விரலால அமுக்கினா விறைப்பா நிக்கணும், பொசுக்குனு மடங்குனா கீழ வச்சிருங்க. முன்னாடி விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நட்டநடுவுல மடங்கக்கூடாது, ஈரத்துணிய பிழியற மாதிரி முறுக்குனா சுலபமா முறுக்கவும் கூடாது. கடைசியா கடைக்குள்ளயே நாலு எட்டு ஓடச் சொல்லுங்க, குதிகால் ஷூவ விட்டு மேல எழும்புதான்னு குனிஞ்சு பாருங்க. கடைக்கார தம்பி "போடப்போட செட் ஆயிரும்க்கா"ன்னு சொல்வாப்ல, செட் ஆகாது.

வளர்ற புள்ளதானேன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி துணிய திணிச்சு அனுப்புறவங்கள மைதானத்துல நிறைய பாக்கறேன். காசு கஷ்டம் புரியுது, ஆனா கால் உள்ள வழுக்கி வழுக்கி கொப்புளம், நகம் கறுக்கறது, கணுக்கால் பிசகுறதுன்னு வைத்தியத்துக்கு செலவாகுது. அண்ணன் போட்ட பழைய ஷூ அதவிட மோசம், அவன் நடைக்கு ஒரு பக்கமா தேஞ்ச சோல் தம்பி காலையும் அந்தப்பக்கமே சாய்க்கும்.

ஸ்பைக்ஸ் பத்தி தனியா சொல்லணும். அதுல குதிகாலுக்கு அடில ஃபோம் ரொம்ப மெல்லிசு, குதி தாழ்ந்து நிக்கும், கெண்டைக்கால இன்னும் இழுக்கும், குதிவலி உள்ள புள்ளைக்கு தினமும் போட்டுவிட்டா அவ்வளவுதான். போட்டிக்கும் ஸ்பீடு ஒர்க்கவுட்டுக்கும் மட்டும், வார்ம் அப் எல்லாம் சாதா ஷூலதான். சிந்தெடிக் டிராக்ல ஓட்டத்துக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு உலக அத்லெட்டிக்ஸ் ரூலே இருக்கு, நாங்க 6 தான் போடுறோம், தாராளமா போதுது.

"நம்ம ரேவதி வெறுங்கால்ல ஓடித்தானே ஒலிம்பிக் போச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. மதுரை பக்கத்து சக்கிமங்கலத்துலேருந்து டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போன ஓட்டக்காரி ரேவதி வீரமணிய நெனச்சா எனக்கும் பெருமைதான், ஆனா அந்தப்பொண்ணு ஷூ வாங்க வழியில்லாம வெறுங்கால்ல ஓடுச்சு, அது நல்லதுன்னு தேர்ந்தெடுத்து ஓடல.

இப்ப போடுற ஷூ மூவாயிரம் ரூபா பக்கம், கடைசி ஓட்டை வரைக்கும் லேஸ் கோத்து கட்டறதால குதி அசையவே மாட்டேங்குது. குறைன்னா முன்னாடி வலை துணி கட்டைவிரல் கிட்ட சீக்கிரம் கிழிஞ்சிருச்சு, மழைல நனைஞ்சா காய ரொம்ப நேரமாகுது. மொட்டைமாடி வெயில்ல மட்டும் போடாதீங்க, பசை விட்டுரும், பேப்பர உள்ள திணிச்சு ஃபேன் காத்துல வச்சாலே போதும். 500லேருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் உழைக்கும்னு பொதுவா சொல்வாங்க, எங்க வீட்டுல அதுக்குள்ள கால் வளந்துருது, அதனால ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இன்சோல எடுத்து நிக்க வச்சு பாத்துக்கறோம்.

பட்ஜெட் இடிச்சா ஸ்பைக்ஸ அடுத்த வருஷத்துக்கு தள்ளிட்டு பிராக்டிஸ் ஷூவுக்கு அந்தக் காச போடுங்க. ஷூ சரியா இருந்தும் நொண்டுறான், ராத்திரி வலில முழிக்கிறான், ஒரே எடத்துல வீங்குதுன்னா அடுத்த ஷூ தேடாம எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.