ராக் பேண்டைத் தூக்கிவிடுவது எது: விளம்பரமா, சினிமாவா, ஜோடிப் பாட்டா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க ராக் பேண்டான ஏரோஸ்மித்தைவிட நல்ல சோதனைக்களம் கிடையாது. பன்னிரண்டு வருட இடைவெளியில் ஒரே பேண்ட் இரண்டு வழிகளில் போய்ப் பார்த்திருக்கிறது. 1986-ல் ரன் டிஎம்சி என்ற ராப் குழுவோடு சேர்ந்து ‘வாக் திஸ் வே’. 1998-ல் ‘ஆர்மகெடான்’ படத்துக்காக ‘ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் எ திங்’. முதலாவது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 4-ஆம் இடம் வரை போனது. இரண்டாவது வந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்து, நான்கு வாரம் அங்கிருந்து நகரவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் சினிமாதான் ஜெயித்தது. ஆனால் என் ஓட்டு 1986-க்குத்தான்.

அப்போது பேண்ட் இருந்த நிலையை யோசியுங்கள். போதைப் பழக்கத்தில் ஆள்கள் சீரழிந்து, 1985-ல் வந்த ஆல்பமும் எடுபடாமல், முடிந்துபோன கதை என்று பலரும் எழுதிவைத்திருந்த நேரம். ‘வாக் திஸ் வே’ புதுப் பாட்டும் இல்லை. 1975 ஆல்பத்தில் இருந்த சரக்கு. ரன் டிஎம்சி இளைஞர்கள் அதன் தொடக்க டிரம்ஸை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி ராப் பாடிப் பழகியவர்கள். முழுப் பாட்டையும் பாடச் சொன்னவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். அவர்களுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. வீடியோவில் இரண்டு குழுக்களும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்துகொண்டு சத்தத்தால் மோதிக்கொள்ளும். ஏரோஸ்மித் பாடகர் ஸ்டீவன் டைலர் மைக் ஸ்டாண்டால் சுவரை உடைத்துத் தலையை நீட்டுவார். இன்னொரு வேடிக்கை: ஏரோஸ்மித் தரப்பில் நிஜமாக வந்திருந்தது டைலரும் கிதார் வாசிக்கும் ஜோ பெர்ரியும் மட்டுமே. பின்னால் வாசிப்பவர்கள் வேறு யாரோ!

பாட்டு வீடியோ சேனலான எம்டிவியே கதி என்று கிடந்த ஒரு தலைமுறைக்கு ஏரோஸ்மித் அறிமுகமானது இப்படித்தான். அதோடு நின்றிருந்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருடமே ‘பெர்மனன்ட் வெகேஷன்’ ஆல்பம் வந்தது. அதிலிருந்து மூன்று பாட்டுகள் முதல் 20-க்குள் நுழைந்தன, ‘ஏஞ்சல்’ 3-ஆம் இடம். பேண்ட் போதையை விட்டதும், வெளிப் பாடலாசிரியர்களைச் சேர்த்துக்கொண்டதும் இதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கேட்கக் காத்திருந்த கூட்டத்தில் பாதியைச் சேர்த்துக் கொடுத்தது ராப் கூட்டணிதான் என்பேன். 1998 பாட்டு டயான் வாரன் என்ற வெளிப் பாடலாசிரியர் எழுதியது. அவர்களுடைய ஒரே நம்பர் ஒன் அது. ஆனால் அதற்குள் அவர்கள் யார் தயவும் தேவைப்படாத உயரத்தில் இருந்தார்கள்.

சினிமா வழியின் பலம் வேகம். 1982-ல் ‘ராக்கி 3’-க்காக சர்வைவர் என்ற பேண்ட் பாடிய ‘ஐ ஆஃப் தி டைகர்’ ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்று அதைக் கேட்டால் குத்துச்சண்டை வளையம்தான் நினைவுக்கு வரும். பேண்ட் பெயர் பலருக்கு வராது. சிம்பிள் மைண்ட்ஸ் பேண்ட்காரர்கள் கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். 1985-ல் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படப் பாட்டை முதலில் வேண்டாம் என்றவர்கள், பிறகு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே வருடம் ஆல்பம் போட்டு, ‘அலைவ் அண்ட் கிக்கிங்’கை 3-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆல்பத்தில் படப் பாட்டைச் சேர்க்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

விளம்பரம் வேறு ரகம். 1982-ல் பிரிட்டனில் 17-ஆம் இடத்தோடு நின்ற கிளாஷ் பேண்டின் ‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’, 1991-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தால் முதலிடம் வந்தது. கொண்டாட பேண்ட்தான் இல்லை. கலைந்து பல வருடம் ஆகியிருந்தது. 1994-ல் இன்னும் விநோதம்: அதே ஜீன்ஸ் விளம்பரத்துக்காக எழுதிய ‘இன்சைட்’ ஸ்டில்ட்ஸ்கின் என்ற பேண்டைப் பிரிட்டனில் முதலிடத்தில் வைத்தது. அதன்பின் அந்த அளவுக்கு ஒரு பாட்டுகூட அவர்களுக்கு அமையவில்லை. யூ2 பேண்ட் 2004-ல் ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாட் விளம்பரத்தில் ‘வெர்டிகோ’வோடு வந்தபோது இரு தரப்புக்கும் லாபம். அதே கூட்டணி 2014-ல் ஒரு முழு ஆல்பத்தை ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸின் 50 கோடி கணக்குகளில் கேட்காமலேயே போட்டதும் ஜனங்கள் கொதித்தார்கள். ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனி வசதி செய்ய வேண்டியதாயிற்று. இலவசமாகப் போன அந்தப் பிரதிகள் தரவரிசைக் கணக்கிலும் சேரவில்லை.

ஜோடிப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கோல்ட்பிளே பேண்டின் ‘விவா லா விடா’ 2008-ல் ஐடியூன்ஸ் விளம்பரத்தோடு அமெரிக்காவில் முதலிடம் போனது. 2021-ல் கொரியப் பாப் குழுவான பிடிஎஸ்ஸோடு பாடிய ‘மை யுனிவர்ஸ்’ வந்த வாரமே முதலிடம், அடுத்த வாரமே முதல் பத்துக்கு வெளியே. திட்டமிட்டு வாங்கிக் குவிக்கும் ரசிகர் படை இருந்தால் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். ரன் டிஎம்சி காலத்தில் அந்த வித்தை கிடையாது. மெட்டல் பேண்டான மெட்டாலிக்கா 2011-ல் பாடகர் லூ ரீடோடு ‘லுலு’ ஆல்பம் செய்தபோது அந்த முதல் வாரக் கூட்டம்கூட வரவில்லை. மெட்டல் ரசிகர்கள் ரீடின் பேச்சுநடைப் பாட்டைச் சகிக்கவில்லை, ரீடின் ரசிகர்களுக்கு அந்த கிதார் இரைச்சல் ஆகவில்லை.